குதிரைக் கரு மாற்றம்: கருவிச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ராஜஸ்தானில் ஒரு மார்வாரிக் குதிரைப் பண்ணையில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். 2023-இல் பிகானேர் ஆய்வு மையத்தில் கரு மாற்றம் (ஒரு குதிரையின் கருவை எடுத்து வாடகைத் தாய்க் குதிரையின் கருப்பையில் வைப்பது) மூலம் மார்வாரிக் குட்டி பிறந்ததிலிருந்து எங்கள் முதலாளிக்கும் அந்த ஆசை. கருவிப் பட்டியலைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது!

ஸ்கேன் மெஷின் இருக்கிறது. கருவை வெளியே எடுக்கக் கருப்பையைக் கழுவ, விலை உயர்ந்த திரவத்துக்குப் பதில் ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புக் கரைசல்) போதும். ஒரு லிட்டர் வீதம் மூன்று நான்கு முறை விட்டு எடுக்கலாம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இடிப்பது வடிகட்டிதான். கழுவிய திரவத்திலிருந்து கருவைப் பிடிக்கும், 75 மைக்ரான் வலை வைத்த கப், ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுவது. இதை எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாயுவின் மிச்சம் கருவுக்கு விஷமாயிற்றே, எத்தனை நாள் காற்றாட விடுகிறீர்கள்? சிலிகான் கதீட்டரை (திரவத்தை விட்டு எடுக்கும் பலூன் வைத்த குழாய்) ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) போட்டால் பலூன் எத்தனை முறை தாங்கும்?

அப்புறம் மைக்ரோஸ்கோப். எட்டாம் நாள் கரு, கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே மணல் பொடி மாதிரி தெரியும். ஆனாலும் தரம் பார்க்காமல் மாற்ற மனம் வரவில்லை. பழைய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வாங்கலாமா? எதைச் சோதித்து வாங்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். பிப்ரவரி வாக்கில் சீசன் தொடங்கிவிடும், அதற்குள் வாங்கியாக வேண்டும்.