நாணயப் படத்தை வெட்டினால் சுற்றிலும் கறுப்பு வருகிறது, உதவுங்கள்

பொன்னிக்கரை:
அவசரம். ராஜராஜன் செப்புக்காசு இரண்டு, முன்னும் பின்னுமாக நாலு படம். நாளைக் காலைக்குள் அச்சாகும் சிறப்பு மலருக்கு அனுப்ப வேண்டும். வட்டமாகத் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தால் சுற்றிலும் கறுப்பாகிவிடுகிறது. விளிம்பில் சிவப்புக் கோடு வேறு. என்ன செய்ய?

செப்பேடு:
எந்த மென்பொருள்? போனா, கணினியா? என்ன ஃபார்மட்டில் சேமிக்கிறீர்கள்?

நடைவண்டி:
காசுக்கு ரொம்ப அருகே போனால் போனின் நிழல் விழும். ஒரு முழம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், கறுப்பு போய்விடும்.

செப்பேடு:
அவர் சொல்வது வெட்டிய பிறகு வரும் கறுப்பு. நிழல் இல்லை.

பழங்காசு:
இதற்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே தம்பி. சோழர் காசு கையால் அடித்தது, இன்றைய ரூபாய் போல முழு வட்டமாக இராது. வட்டக் கருவியால் வெட்டினால் ஒரு பக்கம் காசு அறுபடும், மறுபக்கம் துணி ஒட்டிக்கொள்ளும். சிவப்புத் துணியில் வைத்துத்தானே எடுத்தீர்கள்? பாத் கருவியால் விளிம்பைப் புள்ளி புள்ளியாகச் சுற்றி வாருங்கள்.

பொன்னிக்கரை:
ஆமாம் ஐயா, சிவப்புப் பட்டு. கணினியில் கிம்ப். ஜேபெக். புளி போட்டுத் தேய்த்ததில் காசு பளபளக்கிறது, உட்கார்ந்த உருவத்தின் இடக்கைக்குக் கீழே உள்ள நாகரி எழுத்து வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. அதையும் சரிசெய்ய முடியுமா?

பழங்காசு:
புளியா! ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து ஏறிய நிறத்தை ஒரே நாளில் உரித்துவிட்டீர்கள். அது திரும்பி வராது.

நடைவண்டி:
களிம்பை அப்படியே விட்டால் காசையே தின்றுவிடாதா? என் தாத்தா எல்லாவற்றையும் புளியில்தான் ஊறவைப்பார்.

பழங்காசு:
தின்பது வெளிர்பச்சைப் பொடியாக உதிருமே, அது. உப்பும் ஈரமும் சேர்ந்து வருவது. கெட்டியாகப் படிந்த கரும்பச்சை காசைக் காக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

நடைவண்டி:
எழுத்தே தெரியாத காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படிப்பதற்குத்தானே காசு.

செப்பேடு:
அந்தச் சண்டை அப்புறம். பொன்னிக்கரை, உங்கள் லேயரில் ஆல்ஃபா சேனல் இல்லை, அதாவது எந்த இடம் வெறுமையாக, ஊடுருவித் தெரிய வேண்டும் என்று குறித்துவைக்கும் பகுதி. அது இல்லாவிட்டால் டெலீட் அடித்த இடத்தைக் கிம்ப் பின்னணி நிறத்தால் நிரப்பும், உங்களுக்கு அது கறுப்பாக இருக்கிறது. லேயர் மெனு, டிரான்ஸ்பரன்சி, ஆட் ஆல்ஃபா சேனல். பிறகு பாத் கருவியால் விளிம்பைச் சுற்றித் தேர்வாக மாற்றி, செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் 2 பிக்சல் கொடுங்கள், தேர்வு உள்ளே சுருங்கிச் சிவப்புக் கோடு போகும். விளிம்பை மென்மையாக்கும் ஃபெதர் 1 போதும். கன்ட்ரோல் ஐ அடித்துத் தேர்வைத் திருப்பிவிட்டு டெலீட். பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஜேபெக்கில் வெறுமை நிற்காது.

வெளிச்சத்தில் வெளுத்துப்போன எழுத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுங்கள். சாம்பல் நிறக் காகிதத்தின் மேல், ஜன்னல் ஓரம், வெயிலுக்கும் காசுக்கும் நடுவே ஒரு டிரேசிங் தாள் பிடித்து.

பொன்னிக்கரை:
வந்துவிட்டது! ஆல்ஃபா சேனல்தான். எழுத்துள்ள பக்கத்தைக் காலையில் வெளிச்சம் வந்ததும் எடுக்கிறேன். நன்றி அண்ணே.

பழங்காசு:
பின்னணியை வெட்டியாயிற்று, இனி காசு எவ்வளவு பெரிது என்று படத்தைப் பார்த்துத் தெரியாது. இரண்டின் எடையும் விட்டமும் என்ன? மலரில் அதைப் போடுகிறீர்களா?

பழங்காசு:
தம்பி?