பாகா சிவப்பு ஒயின்: இந்தத் துவர்ப்பை என்ன செய்வது?

கொயிம்ப்ராவாசி:
போர்ச்சுகலின் பைராடா டிஓசி (பிறப்பிடச் சான்று பெற்ற ஒயின்), 2021, முழுக்க பாகா திராட்சை. கையில் மூன்று பாட்டில். திறந்த உடனே ஊற்றினால் ஈறு இழுத்துப் பிடிக்கிறது, புளிப்பும் தூக்கல். சனிக்கிழமை ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். மியால்யாடா ஊரில் லெய்தாவ் (பால்குடி பன்றிக்குட்டி ரோஸ்ட்) வாங்கிவிடலாமா, ஷன்ஃபானா (சிவப்பு ஒயினில் வேகவைத்த ஆட்டிறைச்சி) சமைக்கலாமா? பாட்டிலை எத்தனை மணிக்குத் திறப்பது?

வண்டல்:
பாகாவின் இயல்பே அதுதான். சிறிய பழம், தடித்த தோல், தாமதமாகப் பழுக்கும் ரகம். பைராடா கடலோரப் பகுதியாதலால் செப்டம்பர் மழைக்குப் பயந்து முன்கூட்டியே பறித்துவிடுவார்கள். அப்போது டானின் (தோல், விதை, காம்பிலிருந்து வரும் துவர்ப்புப் பொருள்) பச்சையாகவே நின்றுவிடும். காம்போடு நொதிக்க வைத்தால் இன்னும் கூடும். லூயிஸ் பாட்டோ போன்ற பைராடா ஒயின் தயாரிப்பாளர்கள் காம்பு நீக்கித் தயாரிக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஒரு வாய் எடுத்துப் பத்து விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். ஈறு காய்ந்தாலும் பின்னால் புளிச்செர்ரி, பிளம், உலர்ந்த மூலிகை வாசம் வந்தால் அது நல்ல டானின், காற்றுப் பட்டால் இளகும். நாக்கின் அடியில் பச்சைத்தண்டு கசப்பு மட்டும் நின்றால் டிகேன்டரில் (ஒயினைக் காற்றுப்பட வைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவை) ஊற்றியும் பெரிய மாற்றம் இராது. உணவுதான் கைகொடுக்க வேண்டும்.

2021க்கு டிகேன்டரில் இரண்டு மணி நேரம் போதும். கார்க்கை மட்டும் எடுத்துவிட்டு வைப்பது வீண். பாட்டில் கழுத்து வழியாக எவ்வளவு காற்று போகும்? வெப்பநிலை 16–18 டிகிரி. அறை 24 டிகிரி என்றால் அரைமணி ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்கு மேல் குளிர்ந்தால் துவர்ப்பு இன்னும் முரடாகத் தெரியும். சூடானால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

கருஞ்சட்டி:
ஷன்ஃபானாவே செய்யுங்கள். இந்த ஒயினுக்கு அதைவிடப் பொருத்தம் அந்த ஊரிலேயே கிடையாது. முதிர்ந்த ஆட்டின் கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொள்ளும், ஈறுக்கு மிச்சம் இருக்காது.

2 கிலோ வெள்ளாட்டிறைச்சி, பூண்டு, பிரிஞ்சி இலை, இனிப்பு பாப்ரிகா, மிளகு, உப்பு, பன்றிக்கொழுப்பு 2 மேசைக்கரண்டி. இறைச்சி மூழ்கும் அளவு சிவப்பு ஒயின், சுமார் ஒன்றரை லிட்டர். இரவு முழுவதும் ஊறட்டும். மறுநாள் கருமண் சட்டியில், 170 டிகிரி ஓவனில் மூன்றரை மணி. குளிர்ந்த சட்டியைச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும், ஆகவே ஓவனோடு சேர்ந்தே சூடாகட்டும்.

சட்டிக்குள் ஊற்றுவதற்கு உங்கள் பாகாவைத் தொடாதீர்கள்! வற்றும்போது டானினும் புளிப்பும் செறிந்து குழம்பு கசக்கும். மென்மையான, மலிவான சிவப்பு போதும். தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கு.

நுரைக்கட்சி:
ஷன்ஃபானாவுக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன், ஆனால் லெய்தாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் மொறுமொறுத் தோலும் பூண்டு, மிளகு, கொழுப்பு மசாலாவும்தான் ருசி. பைராடாவின் ஸ்பார்க்ளிங் ஒயின் வாயைக் கழுவிவிட்டு அடுத்த துண்டுக்குத் தயார் செய்யும். இளம் பாகா சிவப்பு, மெல்லிய இறைச்சியை அமுக்கிவிடும். பத்து வயதைத் தாண்டிய பாகா என்றால் சரி.

சனிக்கிழமைக்கு இரண்டு எச்சரிக்கை. பச்சைமிளகாய்க் காரம் வேண்டாம், ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்து எரிச்சலை ஏற்றிவிடும். முதலில் சார்டின் வறுத்து வைக்காதீர்கள். மீன் எண்ணெயும் சிவப்பு ஒயினும் சந்தித்தால் வாயில் இரும்பு ருசி. பகல்யாவ் (உப்பிட்டு உலர்த்திய காட் மீன்) கொழுப்பு குறைந்தது, நிறைய ஆலிவ் எண்ணெயோடு என்றால் பரவாயில்லை.

கொயிம்ப்ராவாசி:
சோதித்தேன், செர்ரி வருகிறது. ஷன்ஃபானா முடிவாகிவிட்டது. மூன்று பாட்டில் ஆறு பேருக்குப் போதுமா?

வண்டல்:
750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை, மூன்றிலும் பதினைந்து. ஆளுக்கு இரண்டரை. இரண்டை டிகேன்டரில் ஊற்றுங்கள், மூன்றாவதைக் கேட்டால் மட்டும் திறங்கள். மிச்சம் நின்றால் கார்க் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இளம் பாகா இரண்டு மூன்று நாள் தாங்கும், மறுநாள் இன்னும் இளகியிருந்தாலும் ஆச்சரியமில்லை.