1982 கால்பந்து உலகக் கோப்பை: டிரா போதும் என்ற நிலையில் பிரேசில் தோற்றது எப்படி?

கேள்வி – நடுக்களம்:
1982 ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம், இத்தாலி 3 – பிரேசில் 2. இந்த ஆட்டத்தை முழுசாகப் பார்க்கப் போகிறேன். டிரா போதும் என்றிருந்தும் கண்மண் தெரியாமல் தாக்கியதால்தான் பிரேசில் தோற்றது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையா? ஸ்கோர் தெரியும். எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – புள்ளிப்பட்டியல்:
முதலில் கணக்கு. அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் மூன்று அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அரையிறுதி. அர்ஜென்டினாவை இத்தாலி 2–1 என்றும் பிரேசில் 3–1 என்றும் வென்றிருந்தன. கோல் வித்தியாசத்தில் பிரேசில் முன்னால், அதனால் டிரா போதும்.

இத்தாலி அதுவரை யாரையும் மிரட்டவில்லை. முதல் சுற்றில் போலந்து, பெரு, கேமரூன் மூன்றோடும் டிரா. கேமரூனும் மூன்று டிராதான். அவர்கள் அடித்தது ஒரு கோல், இத்தாலி அடித்தது இரண்டு. அந்த ஒரு கோலில்தான் இத்தாலி தப்பியது. சூதாட்ட விவகாரத்தில் இரண்டு ஆண்டு தடை ஏப்ரல் இறுதியில்தான் முடிந்து களத்துக்குத் திரும்பிய முன்கள வீரர் பாவ்லோ ரோஸி, முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

பதில் – வலது விளிம்பு:
நட்சத்திரங்களை விட்டுவிட்டு பிரேசில் அணியின் வடிவத்தைப் பாருங்கள். ஜிகோ, சாக்ரடீஸ், ஃபால்காவ், செரெசோ நால்வருமே நடுவில் ஆடுகிறவர்கள். இடப்பக்கம் எடேர் இருக்கிறார். வலப்பக்கம் நிரந்தரமான விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) யாரும் இல்லை. ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாளர்) லியாண்ட்ரோதான் மேலே ஓட வேண்டும். அந்தப் பக்கம்தான் இத்தாலியின் இடது ஃபுல்பேக் கப்ரீனி ஏறி வருகிறார்.

5-வது நிமிடம்: இத்தாலியின் கான்டி பந்தை நடுவுக்குக் கொண்டுவந்து இடப்பக்கம் மாற்றுவார். கப்ரீனிக்கு நிமிர்ந்து பார்த்து கிராஸ் அடிக்கும் அளவுக்கு அவகாசம் கிடைக்கும். தூரக் கம்பத்தில் ரோஸி தலையால் முட்டுவார். ரோஸியை யார் விட்டார்கள் என்பதைவிட, கப்ரீனியை ஏன் யாரும் நெருக்கவில்லை என்று பாருங்கள். என் கணிப்பில் ஆட்டத்தின் அடிப்படைக் கோளாறு அதுதான்.

அடுத்து இத்தாலித் தடுப்பாளர் ஜென்டிலே. முந்தைய ஆட்டத்தில் மாரடோனாவோடு ஒட்டிக்கொண்டிருந்தவர், இங்கே ஜிகோவோடு. பந்து வரும்போதே முதுகில் இடித்து, திரும்ப விடாமல் செய்வதுதான் அவர் வேலை. ஜிகோவின் சட்டையே கிழிந்தது. இந்த ஆட்டத்திலும் மஞ்சள் அட்டை வாங்கி, அரையிறுதியில் ஆட முடியாமல் போனார். ஆனால் ஒரே ஒரு முறை ஜிகோ அவரைச் சுழற்றிவிட்டுப் பந்தைத் தள்ளினார்: 12-வது நிமிடம், சாக்ரடீஸ் கோல். இத்தாலி கோல்கீப்பர் ஸோஃபுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் நடுவே கிடைத்த சின்ன இடைவெளி போதுமாக இருந்தது. அந்தப் பாஸை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு அழகு.

நடுக்களம்:
அப்படியானால் ‘தாக்கியே தோற்றார்கள்’ என்பது?

பதில் – கடைசிக் கோடு:
கோல்களைப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. 25-வது நிமிடம் பிரேசில் தாக்கவே இல்லை. பின்னால் நிதானமாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது. செரெசோ குறுக்கே ஒரு பாஸ் போட, நீயா நானா என்று இரண்டு மூன்று பேர் விட்டுவிட, ரோஸி வெட்டி எடுத்துப் பெனால்டி பாக்ஸ் விளிம்பிலிருந்து கோல் அடித்தார். முன்னால் போகும் பாஸ் தவறினால் ஓடித் திரும்ப நேரம் இருக்கும். தற்காப்பு வரிசைக்கு முன்னால் குறுக்குப் பாஸ் தவறினால் அவ்வளவுதான்.

74-வது நிமிடம் அது கார்னர். பிரேசில் பாக்ஸுக்குள் ஆட்கள் நிறைய. பந்தைத் தூரமாக வெளியேற்றவில்லை. இத்தாலியின் டர்டெல்லி அடித்ததை ரோஸி அருகிலிருந்து கோலுக்குள் திசைதிருப்பினார். பிரேசில் தடுப்பாளர் ஜூனியர் கோல் கோட்டை ஒட்டியே நின்றதால் ஆஃப்சைடும் (தடுப்பாளர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) இல்லை. கார்னர் பந்து வெளியே போனதும் எல்லோரும் ஒன்றாக முன்னேற வேண்டும், ஒருவர் தங்கினாலும் கெட்டது.

இன்னொன்று, ஸ்கோர் சமமாக இருந்ததே மூன்று கட்டங்களில்தான்: முதல் 5 நிமிடம், 12 முதல் 25 வரை, 68 முதல் 74 வரை. மொத்தம் சுமார் 24 நிமிடம். மீதி நேரம் முழுக்க பிரேசில் பின்தங்கியிருந்தது. தாக்காமல் என்ன செய்ய முடியும்?

பதில் – வலது விளிம்பு:
பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் பிரேசில் பயிற்சியாளர் டெலெ சந்தானாவை விட மனமில்லை. 68-இல் செரெசோ குறுக்கே ஓடித் தடுப்பாளர்களை இழுத்துக்கொண்டு போக, ஃபால்காவ் இடக்காலால் அடித்து 2–2. உடனே சந்தானா முன்கள வீரர் செர்ஜின்யோவை எடுத்துவிட்டு பாவ்லோ இசிடோரோவை இறக்கினார். வலப்பக்கம் கடைசியில் ஆள் வந்தார், சரி. ஆனால் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்க ஒரு தற்காப்பு மிட்ஃபீல்டர் கடைசிவரை வரவில்லை. காயத்தால் முன்கள வீரர் கரேகா இல்லாமல் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செர்ஜின்யோ அந்த விரைவுப் பாஸ்களோடு ஒட்டவே இல்லை.

பதில் – கடைசிக் கோடு:
இத்தாலிக்கும் எல்லாம் சுலபமாக அமையவில்லை. 34-வது நிமிடம் தடுப்பாளர் கொல்லோவாட்டி காயத்தால் வெளியேற, 18 வயது பெர்கோமி வந்தார். அவர் எங்கே நிற்கிறார், பின்னால் ஷிரேயா எப்படி மூடுகிறார் என்று பாருங்கள். கடைசி நிமிடங்களில் இத்தாலியின் ஆன்டோன்யோனி அடித்த கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. அதன் பிறகு எடேரின் ஃப்ரீகிக், பிரேசில் தடுப்பாளர் ஆஸ்கர் தலையால் முட்ட, 40 வயது ஸோஃப் கோட்டின் மேலேயே பந்தைப் பிடித்து அமுக்கினார். தட்டிவிட்டிருந்தால் மீண்டும் அடிக்க ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.