ரீசர்வேயை ஊருக்காரங்க தடுக்கறாங்க, நியாயம் யாரு பக்கம்? (அட்டப்பாடி)

தோட்டக்காரன்_அகளி
வணக்கம்ங்க. கேரளா பூரா 2022 நவம்பர்ல ஆரம்பிச்ச டிஜிட்டல் ரீசர்வே இப்ப எங்க பக்கமும் வந்துருச்சு. ரோவரை (சாட்டிலைட் சிக்னல் வச்சு நிலம் அளக்கற கருவி) தூக்கிட்டு வந்து எங்க தோட்டத்து வேலியோரம் நிக்கறாங்க, அந்நேரம் பாத்து மேல ஆதிவாசி ஊர்ல இருந்து மூப்பனும் (ஊர்த்தலைவர்) கூட ஒரு பத்து பொம்பளைங்களும் இறங்கி வந்து எங்க கேஸ் முடியற வரைக்கும் அளக்கக் கூடாதுன்னு சர்வேயர் முன்னாடியே உக்காந்துட்டாங்க. எங்க அப்பாரு 1968ல காசு குடுத்து வாங்குன பூமிங்க இது. ரெஜிஸ்டர் பண்ண ஆதாரம் (கிரயப் பத்திரம்) இருக்கு, தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸ் நிலவரிக் கணக்கு) அப்பா பேர்ல இருக்கு, கரம் கட்டுன ரசீது ஒரு மூட்டை தேறும். நாலே முக்கால் ஏக்கர், பாக்கும் தென்னையும். கோயமுத்தூர் பக்கம் போனா மலையாளத்துக்காரன்ங்கறான், மன்னார்க்காடு போனா பாண்டிங்கறான், இப்ப ஊருக்காரங்களும் வந்தேறிங்கறாங்க. மூணு தலைமுறையா இங்கயே செத்துப் பொழச்சுட்டு நாங்க எங்கதான் போறது?

மல்லீஸ்வரன்முடி
அண்ணா, நான் சோலையூர் பக்கம், இருளர் பொண்ணு. உங்க அப்பாரு காசு குடுத்தாரான்னு இங்க யாரும் கேக்கல. யாருகிட்ட குடுத்தாரு, கைநாட்டு வச்ச ஆளுக்கு எத்தனை ஏக்கர்னு படிச்சுக் காட்டுனாங்களா, அதைத்தான் கேக்கறோம். 1951 கணக்கெடுப்புல அட்டப்பாடியில நூத்துக்கு 90 பேரு நாங்க, 2001ல நாப்பத்தி சொச்சம். ஆளு கூடக்கூட பூமி யாரு கையில இருந்து யாரு கைக்குப் போயிருக்கும்? ரோவர் அளக்கறது இன்னைக்கு வேலி எங்க நிக்குதோ அதை. அந்த வேலியைப் பத்திதான் கேஸே. அதை அளந்து படம் போட்டு நம்பர் குடுத்துட்டா நாளைக்கு கேஸ்ல அதையே எங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க.

ரிட்டயர்டு_செயின்மேன்
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. சங்கிலி இழுத்த காலத்துலேந்து சொல்றேன், சர்வே பட்டா குடுக்காது, உரிமையையும் தீர்மானிக்காது. எல்லையை அளந்து வரையறது மட்டும்தான் அதோட வேலை. 1961 சர்வே சட்டத்துல 9(2) விளம்பரம்னு ஒண்ணு வரும், வரைவுப் படத்தை எல்லாரும் பாக்கலாம், ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம், அதெல்லாம் தீந்தப்புறம்தான் 13ஆம் பிரிவுல கடைசி அறிவிப்பு. அளக்கறதையே தடுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம் பாத்துக்கோ பொண்ணே.

மல்லீஸ்வரன்முடி
காகிதத்துல நீங்க சொல்றது சரி சார். அந்த விளம்பரத்தை எங்க ஒட்டுவாங்க? எந்த பாஷையில? வேலைக்குத் திருப்பூர் போன பையன் திரும்பி வர்றதுக்குள்ள ஆட்சேபக் கெடு தாண்டிரும். சர்வே உரிமையைத் தீர்மானிக்காதுன்னு நீங்க சொல்றீங்க, லோன் குடுக்கற பேங்க்காரன் அப்படியா பாக்கறான்?

கொல்லங்கோடு_குமாரு
எல்லாத்தையும் ஆதிவாசிக்கே எழுதிக் குடுத்துட்டு மத்தவங்கெல்லாம் ரயில் ஏறிரலாம். அவங்க ஒரே இடத்துல விவசாயம் பண்ணதே இல்ல, இந்த வருஷம் இங்க எரிச்சு விதைச்சா அடுத்த வருஷம் அடுத்த குன்னு. கூகுள் எர்த்துல பழைய படத்தைப் போட்டுப் பாருங்க, அந்த மேல்பக்கம் பூரா வெறும் புதர்தான்.

மல்லீஸ்வரன்முடி
பஞ்சக்காடுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா குமாரு? ராகி, சாமை, துவரை போட்டு எடுத்துட்டு மண்ணு தேறட்டும்னு சில வருஷம் விட்டுட்டு மறுபடி வருவோம். எப்ப, எங்க விதைக்கணும்னு சொல்ல ஊர்ல மண்ணுக்காரன்னு ஒரு ஆளே உண்டு. சும்மா விட்ட வருஷத்துல படம் புடிச்சா புதராத்தான் தெரியும், அறுத்து முடிச்ச வயலைப் படம் எடுத்துட்டு இங்க யாருமே இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க பேச்சு.

வாளையார்_வக்கீல்
இங்க ரெண்டு சட்டத்தைப் போட்டுக் குழப்பிக்கறீங்க, பிரிச்சுச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும்.

மேல்காடு வேற, கீழ்த்தோட்டம் வேற. அட்டப்பாடிக்கு முக்கியமான ஜென்மி, அதாவது பரம்பரை நிலவுடைமைக்காரர், மன்னார்க்காடு மூப்பில் நாயர் குடும்பம், 1971ல தனியார் காடுகளை அரசு எடுத்துக்கிட்ட சட்டம் வந்தப்ப ஜென்மியோட காடெல்லாம் வெஸ்டட் பாரஸ்ட் ஆயிருச்சு, அதுக்குள்ள கிடந்த பஞ்சக்காடும் கூடவே சேந்து போச்சு. அங்க செல்லுபடி ஆகறது 2006 வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி அந்த நிலத்தை வச்சிருந்த பழங்குடிக் குடும்பத்துக்கு நாலு ஹெக்டேர் வரை உரிமை, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும். விக்க முடியாது, வாரிசுக்குப் போகும். சாட்டிலைட் படம் துணைக்கு வச்சுக்கலாமே ஒழிய மத்த சாட்சிக்குப் பதிலா அது நிக்காதுன்னு 2012 திருத்த விதியிலயே இருக்கு. கிணறு, சுடுகாடு, சாமி இடம், பெரியவங்க வாய்மொழியை எழுதி வாங்குனது எல்லாமே சாட்சி. குமாரு இதைப் படிக்கவும்.

கீழ்த்தோட்டம் கைமாறின பூமி. அதுக்கு 1975ல ஒரு சட்டம் போட்டாங்க, போட்டு பரண்ல வச்சுட்டு விதி எழுதினதே 1986ல. அந்தச் சட்டப்படி ஆதிவாசி தன் பூமியைத் திருப்பி வாங்கணும்னா பழைய கிரயத்தையும் அதுல செஞ்ச செலவையும் அவனே கட்டணும்! டாக்டர் நல்லதம்பி தேரா போட்ட பொதுநல வழக்குல 1993ல ஹைகோர்ட் நிறைவேத்துன்னு சொல்லிச்சு, அரசாங்கம் நிறைவேத்தறதுக்குப் பதிலா சட்டத்தையே மாத்தப் பாத்துச்சு. 1996ல கொண்டுவந்த திருத்தத்துக்கு ஜனாதிபதி கையெழுத்துப் போடல. அதனால 1999ல விவசாய நிலம்னு மட்டும் வச்சு மாநிலமே புதுச் சட்டம் போட்டுக்கிச்சு. 1960 ஜனவரி 1ல இருந்து 1986 ஜனவரி 24 வரைக்கும் கைமாறினதுல ரெண்டு ஹெக்டேர் வரை வாங்கினவருக்கே, இழந்த குடும்பத்துக்கு அரசு மாற்று நிலம் குடுக்கணும். 2009ல சுப்ரீம் கோர்ட் இதைச் சரின்னு சொல்லிருச்சு. ரெண்டு ஹெக்டேர்னா அஞ்சு ஏக்கருக்கு ஒரு துளி கம்மி, தோட்டக்காரர் அதுக்குள்ள வர்றாப்ல தெரியுது.

தோட்டக்காரன்_அகளி
கேட்டுக்குங்க எல்லாரும். ரொம்ப நன்றிங்க வக்கீல் சார். சட்டமே எங்க பக்கம் இருக்கறப்ப எதுக்குங்க அம்மிணி இந்த உக்காந்து மறிக்கற வேலை?

மல்லீஸ்வரன்முடி
சட்டம் உங்க பக்கம்னு அவர் சொல்லல, மாற்று நிலம் குடுக்கணும்னும் சேத்துத்தான் சொன்னாரு. உங்க பாதி வந்துருச்சு, எங்க பாதி எங்க? எங்க ஊர்ல பேப்பர் கிடைச்ச வீட்டுக்குக் காட்டுனதெல்லாம் பாறைச் சரிவு, ஆடுகூட நிக்காது.

அமராவதி_காத்து
உள்ள வர்றதுக்கு மன்னிக்கணும், நான் உடுமலை மலைப்பக்கம், புலையர். நீங்க பூமிக்கு எல்லை எங்கன்னு சண்டை போடறீங்க, எங்களுக்கு ஆளுக்கே எல்லை போட்டு வச்சிருக்கான். சின்னாறு தாண்டி மறையூர்ல எங்க பங்காளி மலைப்புலயன், அங்க எஸ்.டி. இந்தப் பக்கம் நாங்க எஸ்.சி. பட்டியல். ஒரே குலதெய்வம், பொண்ணு குடுத்து எடுக்கறோம், ஆனா வன உரிமைச் சட்டத்துல அவங்க 2005ல காட்டுல இருந்தாங்கன்னு காட்டுனா போதும், நாங்க மற்ற வனவாசின்னு போய் 75 வருஷம், மூணு தலைமுறைக்கு சாட்சி தேடணும். 75 வருஷத்துக்கு முன்னாடி எங்க பாட்டனுக்கு எவன் ரேஷன் கார்டு குடுத்தான்?

வாளையார்_வக்கீல்
அரசியல் சட்டம் 342ஆம் பிரிவுல பட்டியல் மாநில வாரியா வருது, அதான் காரணம். தமிழ்நாட்டுப் பட்டியலைப் படிச்சா குறும்பர் நீலகிரி மாவட்டத்துல மட்டும் எஸ்.டி., மலையாளி சில மாவட்டத்துல மட்டும். அட்டப்பாடி குறும்பர் ஆனைகட்டி தாண்டி கோயமுத்தூர் பக்கம் குடியேறினா தமிழ்நாட்டுப் பட்டியல்ல அவருக்கு எடமில்ல. கோர்ட்டும் உள்ள போய் மாத்த முடியாது, 2000 மிலிந்த் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவாச் சொல்லியாச்சு. பார்லிமென்ட்தான் திருத்தணும்.

ரிட்டயர்டு_செயின்மேன்
1956 வரைக்கும் அட்டப்பாடியும் மலபார் ஜில்லா, மெட்ராஸ் ஸ்டேட்தானே. அப்புறம் கோடு போட்டா. மலையில இருந்தவாகிட்ட யாரும் கேக்கல.

கொல்லங்கோடு_குமாரு
ஆந்திராவுல 1/70ன்னு ஒரு சட்டம் இருக்காமே, அந்த மாதிரி இங்க வந்துட்டா தோட்டக்காரர் கதி?

வாளையார்_வக்கீல்
வராது. அது அங்க அட்டவணைப் பகுதிக்குள்ள (அரசியல் சட்டம் அஞ்சாவது அட்டவணைப்படி அறிவிச்ச பழங்குடிப் பகுதி) மட்டும். அதுக்குள்ள ஆதிவாசி அல்லாதவர் கையில நிலம் இருந்தாலே அது ஆதிவாசிகிட்ட இருந்து வந்ததுன்னு சட்டமே எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்கறது வச்சிருக்கறவர் பாடு. 1997 சமதா தீர்ப்பும் அந்த அடிப்படையில வந்ததுதான். கேரளாவுலயும் தமிழ்நாட்டுலயும் அஞ்சாவது அட்டவணைப் பகுதின்னு ஒரு சென்ட் கூட அறிவிக்கல. இங்க நடைமுறையில நிரூபிக்கற பாரம் பெரும்பாலும் இழந்தவன் தலையிலதான் விழுது, நியாயத்தைக் கேட்டா அதுதான் எனக்கு உறுத்தற விஷயம்.

தோட்டக்காரன்_அகளி
அப்ப எங்களுக்குப் பயமில்லதானே. அளக்க விடச் சொல்லுங்க.

ரிட்டயர்டு_செயின்மேன்
தம்பி, ஆதாரத்துல எத்தனை ஏக்கர்? அதை இன்னும் சொல்லவே இல்லியே.

தோட்டக்காரன்_அகளி
ஆதாரத்துல மூணு ஏக்கர். கைவசம் நாலே முக்கால். அந்தக் காலத்துல யாருங்க டேப் புடிச்சு அளந்தா, குத்துமதிப்பா எழுதுவாங்க, இங்க எல்லாத் தோட்டமும் அப்படித்தான்.

மல்லீஸ்வரன்முடி
ரோவர் மூணை அளக்குமா, நாலே முக்காலை அளக்குமா? எதுக்கு உக்காந்தோம்னு இப்பவாவது புரிஞ்சா சரி.

ரிட்டயர்டு_செயின்மேன்
பரப்பு குத்துமதிப்பா இருக்கலாம், நாலெல்லை அப்படி எழுத மாட்டா. பரப்பும் எல்லையும் ஒத்துவராட்டா பெரும்பாலும் எல்லையைத்தான் முதல்ல பாப்பா. கிழக்கு மேற்கு தெக்கு வடக்குன்னு நாலும் இருக்கும், அதை இங்க போடு பாப்போம்.

தோட்டக்காரன்_அகளி
எழுத்துக்கூட்டிப் படிக்கறேன்ங்க. கிழக்கு தோடு, அதாவது ஓடை. தெக்கு வண்டித்தடம். மேற்கு ஜென்மி வக காடு. வடக்கு மேற்படியான் கைவசம் பஞ்சக்காடு.

மல்லீஸ்வரன்முடி
மேற்படியான்னா வித்தவரு. மூணு ஏக்கர் வித்துட்டு வடக்கால தனக்கு வச்சுக்கிட்டாருன்னு உங்க ஆதாரமே சொல்லுது. அவரு பேரன்தான் அன்னைக்கு உங்க வேலிக்கிட்ட உக்காந்திருந்த மூப்பன்.

தோட்டக்காரன்_அகளி
அது 68 கதை அம்மிணி. இப்ப அங்க எங்க பாக்கு நிக்குது, தண்ணி எங்க போர், மோட்டார் எங்க கரண்ட். சும்மா கிடந்த இடத்தைத் திருத்தினோம், யாரும் வந்து ஏன்னு கேக்கல.

வாளையார்_வக்கீல்
வடக்குப் பக்கம் எப்ப வேலி போட்டீங்க? 86க்கு முன்னாடியா பின்னாடியா?

தோட்டக்காரன்_அகளி
எங்கப்பா போட்டாரு. 2003ல இருக்கும்.

வாளையார்_வக்கீல்
அப்ப ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு ஹெக்டேர் பாதுகாப்பு 1986 ஜனவரி 24க்குள்ள கைமாறினதுக்கு. அந்த ஒண்ணே முக்காலுக்கு கிரயமும் இல்ல, தேதியும் தாண்டிருச்சு. ஆதாரத்துல உள்ள மூணு ஏக்கருக்கு உங்களுக்கு வாதாட நல்ல சட்டம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டுப் போனா இதையும் சந்தேகத்துல விட்டுருவீங்க.

மல்லீஸ்வரன்முடி
மூணு ஏக்கரை அளக்க நாங்களே கல்லு காட்டறோம்னு ஊர்க்கூட்டத்துல பேசியாச்சு அண்ணா. வடக்கு வேலியை உள்ள தள்ளி வச்சு அளந்தா ஒருத்தரும் உக்கார மாட்டோம்.

கொல்லங்கோடு_குமாரு
விட்டுடாதீங்க தோட்டக்காரரே, ஒண்ணைக் குடுத்தா ஒம்பது கேப்பாங்க.

தோட்டக்காரன்_அகளி
குமாரு, நீங்க கொல்லங்கோட்டுல உக்காந்துட்டு பேசுவீங்க, நாளைக்குத் தேங்காய் போட எனக்கு அந்த ஊர்ல இருந்துதான் ஆள் வரணும். வக்கீல் சார், உங்க நம்பரைத் தனியா அனுப்புங்க, மத்ததை போன்ல பேசிக்கலாம்.