என்எஸ்லுக்கப்ல ஐபி வருது, பிங் போகல. உதவி!

நள்ளிரவு: ஆபீஸ் சர்வர் பேர் கணக்கு.லோக்கல். பேருக்கு ஐபி தேடுற என்எஸ்லுக்கப் கமாண்ட்ல ஐபி சரியா வருது. சர்வர் எட்டுதான்னு பாக்குற பிங் அடிச்சா பேரே தெரியாதுங்குது, பிரவுசரும் அப்படித்தான். பக்கத்து சிஸ்டத்துல ஓடுது. காலையில 9க்குள்ள சரியாகணும்.

தயிர்சாதம்: எந்த ஓஎஸ்? பக்கத்து சிஸ்டமும் அதேவா? பேரை எங்க பதிஞ்சிருக்கீங்க?

கேபிள்பூச்சி: பழைய பதிலைச் சேமிச்சு வச்சிருக்கிற கேஷ்தான். ஃப்ளஷ் பண்ணுங்க, அதாவது காலி பண்ணுங்க.

புதுமோடம்: பேரை ஐபியா மாத்துற டிஎன்எஸ் சர்வரை கூகுளோட 8.8.8.8னு மாத்திப் பாருங்க ஜி.

வேர்முனை: உங்க ஆபீஸ் சர்வர் பேர் கூகுளுக்கு எப்படிங்க தெரியும்? கமாண்டுக்குக் கையேடா மேன் பக்கம்னு ஒண்ணு இருக்கு, யாரும் திறக்கிறதில்ல.

நள்ளிரவு: டெபியன் 12 லினக்ஸ். பக்கத்துது விண்டோஸ் 10. பேர் ரவுட்டர்ல இருக்கு.

வேர்முனை: இதை முதல்லயே சொல்லியிருந்தா நாலு பதில் மிச்சம். என்எஸ்லுக்கப் நேரா டிஎன்எஸ் சர்வரைத்தான் கேக்கும். பிங், பிரவுசரெல்லாம் என்எஸ்எஸ்விட்ச்.கான்ஃப்ங்கிற அமைப்பு ஃபைல்ல ஹோஸ்ட்ஸ் வரி சொல்ற வரிசையில போகும். அதே வரிசையில தேடுற கமாண்ட், கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கணக்கு.லோக்கல்னு அடிங்க, அதுவும் வெறுமையாத்தான் வரும். அந்த வரியில ஃபைல்ஸ் (இடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைல்), அப்புறம் எம்டிஎன்எஸ்4_மினிமல் (மல்டிகாஸ்ட் தேடல்), [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்] (கிடைக்கலேன்னா அங்கேயே நிறுத்து), கடைசியா டிஎன்எஸ்னு இருக்கும். .லோக்கல்ல முடியற பேர் மல்டிகாஸ்ட்டுக்கு, அதாவது உள் நெட்வொர்க்ல இருக்கிற மெஷின்களையே கேக்குறதுக்குப் போகுது, யாரும் பதில் சொல்லல, அங்கேயே திரும்பிருது. டிஎன்எஸ் வரைக்கும் வரவே இல்ல.

தயிர்சாதம்: உறுதி பண்ண மல்டிகாஸ்ட் தேடலைப் பாத்துக்கற அவாஹி டீமனை நிறுத்திட்டு கெட்என்ட் அடிங்க. அதோட சாக்கெட்டையும் நிறுத்தணும், இல்லேன்னா தானா எழுந்துக்கும். இப்ப ஐபி வந்தா வேர்முனை சொன்னதுதான். அவசரத்துக்கு டிஎன்எஸ்ஸை எம்டிஎன்எஸ்ஸுக்கு முன்னாடி நகர்த்துங்க. ஒரே ஒரு மெஷின்னா இடிசி ஹோஸ்ட்ஸ்ல ஒரு வரி போதும், ஃபைல்ஸ் முதல்ல இருக்கறதால அது ஜெயிக்கும்.

கேபிள்பூச்சி: ஃப்ளஷ் பண்ணிப் பாத்தீங்களா?

வேர்முனை: வரிசையை மாத்துறது ஒட்டுவேலை. பேரை மாத்துங்க. .லோக்கல் 2013லயே ஆர்எஃப்சி 6762ங்கிற இணைய நெறிமுறை ஆவணத்துல மல்டிகாஸ்ட்டுக்குன்னு ஒதுக்கினது. தெரியாம வைக்கிறாங்க.

பழையரேக்: தெரியாமயா? மைக்ரோசாஃப்ட்டோட சின்ன ஆபீஸ் சர்வர் எஸ்பிஎஸ் 2003 நிறுவினா தானாவே .லோக்கல்தான் வரும். அந்த ஆர்எஃப்சிக்கு 10 வருஷம் முன்னாடி!

வேர்முனை: அதுக்காக இன்னைக்குமா? .இன்டர்னல் இருக்கே, 2024ல டொமைன் பேர்களை நிர்வகிக்கிற ஐகேன் உள் உபயோகத்துக்குன்னே ஒதுக்கிருச்சு.

பழையரேக்: சொந்த டொமைன் வாங்கி அதுல ஒரு சப்டொமைன் வச்சா பிரவுசர் நம்புற ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழும் கிடைக்கும். .இன்டர்னலுக்கு எவன் தருவான்?

வேர்முனை: சொந்தமா ஒரு சிஏ, அதாவது சான்றிதழ் தர்ற அமைப்பு வச்சுக்கறது.

பழையரேக்: அந்த சிஏவோட சான்றிதழை ஒவ்வொரு போன்லயும் ஏத்துறது யாரு, நீங்களா?

நள்ளிரவு: ஓடுது. நன்றி.

தயிர்சாதம்: எதைப் பண்ணீங்க? வரிசையா, ஹோஸ்ட்ஸா?