பணப்பையை ஒப்படைத்து எட்டு மாதம், தோள் மட்டும் இன்னும் இறங்கியே இருக்கிறது

பெண்ணையாற்றங்கரை, மஞ்சக்குப்பம்:
கடலூர்–புதுச்சேரி தடத்தில் 27 வருடம் நடத்துநர். இப்போது ஓய்வு. சட்டைக்கு அளவெடுக்கும்போதெல்லாம் தையல்காரப் பையன் என் இடது தோளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

போன வாரம் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே தலை எண்ண ஆரம்பித்துவிட்டேன். மொய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருந்தேன் போல. மொய் எழுதுபவர், "என்ன சார், டிக்கெட்டா?" என்றார். ராத்திரித் தூக்கத்தில் ஆல்பேட்டை, கங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று வாய் ஓடுகிறதாம், மனைவி சொல்கிறாள். தவளக்குப்பத்தில் நின்றுவிடுமாம். ஏன் அங்கே என்று எனக்கே விளங்கவில்லை.

சுமார் 22 கிலோமீட்டரை ஆயிரக்கணக்கான தடவை நின்றபடியே போய்வந்தவன். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. இதையெல்லாம் விட்டுத் தொலைக்கணுமா, வைத்துக்கொள்ளலாமா?

வாசல்கோலம், முத்தியால்பேட்டை:
அண்ணே, எனக்கு நாற்பது வருடக் கோலம். மூட்டுவலி வந்தபின் மருமகள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாவைத் தேடும். இப்போது ஸ்டூல் போட்டு, படியோரத்தில் நாலு புள்ளி மட்டும். பால்காரர் அதைப் பார்த்துத்தான் "அம்மா எழுந்தாச்சா" என்று குரல் கொடுப்பார். வைத்துக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டைக்காரன்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். என் அப்பாவும் நடத்துநர். அக்கா கல்யாணத்தில் சொந்தக்காரர்களை "உள்ளே போங்க, முன்னாடி இடம் இருக்கு" என்று தள்ளியவர். பையைக் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பாட வரும் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்.

பெண்ணையாற்றங்கரை, மஞ்சக்குப்பம்:
தம்பி சொன்னது சுருக்கென்று தைத்தது. சரி என்று இன்று டிக்கெட் வாங்கி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து புதுச்சேரி போனேன். நோணாங்குப்பம் பாலத்திலிருந்து சுண்ணாம்பாற்றுப் படகுகள் அவ்வளவு அழகாகத் தெரியுமா! அந்த இடத்தில் எப்போதும் குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அரியாங்குப்பத்தில் ஒரு பாட்டி படியில் கால் வைக்கும் முன்பே கண்டக்டர் பையன் இரண்டு விசில் கொடுத்துவிட்டான். என்னையறியாமல் "ஹோல்டான்!" என்று கத்திவிட்டேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வண்டி நின்றுவிட்டது.