ஆட்டோ கேலிபரேஷன் செய்தும் சோபாவில் மட்டும் பேஸ் இல்லை, பெரிய சப் வாங்கலாமா?

மொட்டைமாடி:
ஹாலில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர்) வைத்திருக்கிறேன். நீளம் 14 அடி, அகலம் 10 அடி. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. டிவி குறுகிய சுவரில், சப்வூஃபர் அதே பக்கத்து மூலையில். சோபா ஹாலின் நடுவில், அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஆட்டோ கேலிபரேஷன் (அறையில் ஒலியை அளந்து ரிசீவரே அமைப்புகளைச் சரிசெய்வது) ஓட்டினேன். வசனம் தெளிவாகிவிட்டது. ஆனால் சோபாவில் பேஸ் சுத்தமாகக் காணோம். பின்சுவரோரம் சமையலறை வாசலில் நிற்கிற அம்மாதான் "சத்தத்தைக் குறைடா" என்கிறார். சப் லெவலை ஏற்றினால் அங்கே ஜன்னல் அதிர்கிறது, இங்கே ஒன்றுமில்லை. கடைக்காரர் இன்னும் பெரிய சப் எடுக்கச் சொல்கிறார்.

நாற்பது ஹெர்ட்ஸ்:
வாங்காதீர்கள் தம்பி. உங்கள் சப்பில் குறை இல்லை, சோபா இருக்கிற இடம்தான் குறை. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். 14 அடி என்பது 4.27 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அலை முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே நிலைகொண்டுவிடும். சுவரோரம் அழுத்தம் உச்சம், சரியாக 7 அடியில் கிட்டத்தட்ட பூஜ்யம். நீங்கள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அம்மா மேட்டில் நிற்கிறார்.

கேலிபரேஷனால் மேட்டைச் செதுக்க முடியும், இந்த மாதிரிப் பள்ளத்தை நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏற்ற வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு பவர் தர வேண்டும். தந்தாலும், சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் அதே அளவு ஏறி வந்து பழையபடி அதை அழித்துவிடும். பெரிய சப் வாங்கினாலும் இதே கதைதான்.

சோபாவைப் பின்னால் தள்ளுங்கள். அதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். 40-இன் இரு மடங்கான 80 ஹெர்ட்ஸ் அலையும் இப்படியே நிலைகொள்ளும், அதற்கு 3.5 அடியிலும் 10.5 அடியிலும் பள்ளம் இருக்கும். முன்சுவரிலிருந்து உங்கள் காது 8.5, 9 அடியில் இருந்தால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். அப்புறம் கேலிபரேஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல், சோபா முதுகிலும் வைக்காமல், காது உயரத்துக்கு ஒரு ட்ரைபாடில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி இரண்டும் அணைந்திருக்கட்டும்.

பஞ்சுமூட்டை:
சுவரில் ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டிப் பாருங்களேன்? என் அறையில் நல்ல மாற்றம் தெரிந்தது.

நாற்பது ஹெர்ட்ஸ்:
கை தட்டினால் கணீரென்று எதிரொலிக்கிற தொல்லை அதனால் குறையும். தடித்த திரையும் தரைவிரிப்பும் கூட அந்த வேலையைச் செய்யும், வீடும் பார்க்க நன்றாக இருக்கும். பேஸுக்கு உதவாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், ஒரு இஞ்ச் ஃபோமை அது கண்டுகொள்ளவே செய்யாது.

இரட்டைச்சப்:
சோபாவை நகர்த்த வீட்டில் சம்மதிக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. பெரிய சப் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன சப் இரண்டு. ஒன்று முன்சுவரின் நடுவில், மற்றது பின்சுவரின் நடுவில். நீளவாட்டில் நிலைகொள்ளும் அந்த 40 ஹெர்ட்ஸ் அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளுவதால் அது எழும்பாது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். செலவு கூடும், அதனால் முதலில் சோபாவைத்தான் முயல வேண்டும்.

மொட்டைமாடி:
மேசையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு சோபாவை நகர்த்தினேன், மறுபடி ஓட்டினேன். பேஸ் வந்துவிட்டது! இப்போது இரண்டு சந்தேகம். சப் லெவலை -12 டெசிபல் என்று காட்டுகிறது. தூரம் 13 அடி என்கிறது, டேப் வைத்து அளந்தால் 9 அடிகூட இல்லை. கையால் திருத்திவிடவா?

நாற்பது ஹெர்ட்ஸ்:
தூரத்தைத் தொடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் ஃபில்டர் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்து ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது, அது சரிதான். லெவலைத்தான் கவனிக்க வேண்டும். பல ரிசீவர்களில் -12 என்பது கடைசிப் படி, அதற்குக் கீழே அதனால் இறங்க முடியாது. சப்பின் பின்னால் இருக்கிற வால்யூம் திருகைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், -6 பக்கம் வந்தால் போதும். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று அது எடுத்துக்கொண்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்கிற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.